கழிமுகத்தில் கழிவு இல்லை

கழிவுநீர் வந்து சேரும் முகம் ஆதலால் கழிமுகம் என்று அச்சிட்ட ஒரு வகுப்புக் கையேடு அண்மையில் என் கைக்கு வந்தது. ஆற்றுமுகத்துக்கு மாணவரை அழைத்துப் போய்ப் பறவையும் நண்டும் கண்டல் மரமும் காட்டி, அந்த இடத்தின் பழங்கதையும் சொல்லும் வகுப்புக்காக எழுதியது. அத்தகைய வகுப்புகள் பெருக வேண்டும் என்பதே என் ஆசை. அடையாற்றுக் கழியில் 58 ஏக்கரில் சீரமைத்த தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வழிகாட்டியோடு நடந்து பார்த்துக் கற்கிறார்கள். மரக்காணத்துக் கழுவெளிச் சதுப்பை ஒட்டிய நடுக்குப்பத்தில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் அரசுப் பள்ளியோடு சேர்ந்து சூழல் கல்வி நடத்தியிருக்கிறார்கள். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகளும் செஞ்சி, திண்டிவனம் வழியே பேருந்து பிடித்தால் காலையில் கிளம்பி உச்சிப்பொழுதுக்குள் அந்தக் கழிக்கரையில் நிற்கலாம். அவ்வளவு தூரம் கூட்டிப் போய்ப் பொய்ச் சொற்பிறப்பைக் காதில் போடுவதா?

கழி சங்கப் புலவர்க்குப் பழகிய சொல். நெய்தல் பாட்டுகளில் அது வராத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே கழியில் நெய்தல் பூக்கிறது, சுறா திரிகிறது, இரவில் வரும் தலைவன் முதலைக்கு அஞ்சாமல் கழி கடப்பதை எண்ணித் தோழி நடுங்குகிறாள். பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகளை, இலாயத்தில் குதிரையைக் கட்டுவதுபோலக் கட்டி வைக்கிறார்கள். படகு கட்டிய தோட்டங்களைச் சூழ்ந்திருப்பதும் கழிதான். இவற்றுள் எங்கே இருக்கிறது சாக்கடை? கூவத்தையும் அடையாற்றையும் நாம் கெடுத்துவிட்டு, கேட்டுக்கு முந்திய சொல்லின் மேல் பழி போடுகிறோம்.

கழிவும் கழியும் ஒரு வேரின் கிளைகள் என்பதை மறுக்கவில்லை. கழிதல் என்றால் கடந்து போதல். பொழுது கழிகிறது, ஆண்டு கழிகிறது என்கிறோம். கடந்து போனது கழிவு. கடந்து போகும் வழி கழி. கிளை இரண்டானால் ஒன்று மற்றொன்றின் தாய் ஆகிவிடாது.

வழி என்ற பொருளுக்குச் சான்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள குறுகிய நடைக்கு இடைகழி என்று பெயர். ரேழி என்று வழங்குவதும் அதன் திரிபே. பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் மழையிரவில் நெருக்கிக்கொண்டு நின்றது திருக்கோவலூர் இடைகழி. இடைகழியில் ஆள் கடக்கிறான், கழியில் ஓதம் கடக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். செய்யூர்ப் பக்கம் இடைக்கழிநாடு இன்றும் பேரூராட்சியாக இருக்கிறது: ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி.

எதிர்வாதங்கள் இரண்டு. நன்னூல் கழி என்பதை மிகுதிப் பொருள் தரும் உரிச்சொற்களோடு சேர்ப்பதால், நீர் மிகுந்து பொங்கும் இடம் கழி என்பது ஒன்று. கழிபெருங்காதலில் வருவது அடைச்சொல். அது தனியே நின்று இடப்பெயர் ஆகாது. மலையாளத்து அழிமுகத்தைக் காட்டி, அழிதான் ககரம் ஏறிக் கழி ஆயிற்று என்பது மற்றொன்று. ககரம் ஏன் ஏறிற்று என்று கேட்டால் விடை வராது.

மற்றப் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கயவாய் அழகான சொல். கய என்பதற்குப் பெருமைப் பொருளைத் தொல்காப்பிய உரியியலே தருவதால் அது அகன்ற வாய். பொங்குமுகம் இலங்கைப் பாடநூல் தந்தது. அங்கே கடல்நீர் ஏரி களப்பு, மட்டக்களப்பில் இருப்பது அதுவே. முகத்துவாரம் வடசொல்லாக இருந்தும் மீனவர் வாயில் ஊறிவிட்டது. களனி ஆறு கடலில் விழும் கொழும்புப் பகுதிக்கு அதுவே பெயர். காயலை வைத்துக் காயல்பட்டினமும் பழையகாயலும் எழுந்தன. இவற்றுள் எதுவும் கழியின் வேலையைச் செய்யாது. வாயும் முகமும் ஆறு முடியும் இடத்தைச் சொல்கின்றன, களப்பும் காயலும் தேங்கிய நீரைச் சொல்கின்றன. உள்ளே வந்து வெளியே போகும் நீரைச் சொல்வது கழி ஒன்றுதான்.

கழுவெளி கடலோடு சேரும் எடையன்திட்டில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஏற்றத்தின்போது கடல்நீர் ஓடைவழியே நிலத்துக்குள் நுழைகிறது. மிதக்கும் சருகு மேற்கே போகிறது. வற்றத்தில் அதே சருகு கிழக்கே திரும்புகிறது. சேற்றில் உமரி படர்ந்திருக்கும். அதன் சதைப்பற்றான தண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தால் உப்பு கரிக்கும். அப்பால் அளத்தில் பாத்தி பாத்தியாய் உப்பு. உமணர் வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியது இந்தச் சரக்கைத்தான். எங்கள் மலையடி ஊர்ப் பிள்ளைக்குக் கழி அயல்நிலம் இல்லை என்பதை அங்கே நின்று சொன்னால் மனத்தில் தைக்கும்.

கழுவெளி என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுமார் 5,151 எக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கழுவேற்றிய இடம் என்று அதற்கும் ஒரு கதை காதில் விழுகிறது. கழுமரத்துக்கு இங்கே வேலை இல்லை. கழும் என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் மயக்கப் பொருளைக் கொண்டு, உப்பும் நன்னீரும் கலந்த வெளி என்பார் கூற்று கவர்ச்சியானது, ஆயினும் வேண்டாதது. கழிவெளி என்பதே மூலம் என்று கருதுகிறேன். பின்வரும் வகரம் இதழைக் குவிக்க, இகரம் உகரமாகியிருக்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் கழிவெளி என்ற பெயர் வழங்கியது; இரண்டும் கடற்கரையை ஒட்டிய சதுப்புகளே. சரணாலயத்துப் பலகையில் கழிவெளி என்றே எழுத வேண்டும் என்பது என் துணிபு. இதற்குக் கல்வெட்டுச் சான்று கொண்டுவா என்பவர்கள் முதலில் இடைக்கழிநாட்டுக்குப் பேருந்து ஏறட்டும்.