ஒளிநாடாவும் பெருவிரல் ரேகையும்

1984 அக்டோபர் 5ஆம் நாள் இரவு முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்திருந்தது, பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 5இல் அவர் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பொறுப்புகளை நெடுஞ்செழியன் கவனித்தார்.

அந்நாளில் சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் எழுந்த வினா ஒன்றே: “இருக்கறாருங்களா, இல்லீங்களா?” தறியோசையில் வானொலி கேளாது, ஆகவே செய்தி நேரத்தில் தறியை நிறுத்துவார்களாம். நிறுத்தினால் கூலி குறையும். தெரிந்தே நிறுத்தினோம் என்பார் என் தந்தையார்.

விடை ஒளிநாடாவாக வந்தது. மருத்துவமனையில் அவர் இருந்த காட்சிகள் ஊர்தோறும் காட்டப்பெற்றன. டிசம்பர் 24 தேர்தலில், பிரசாரத்துக்கே வராமல், ஆண்டிபட்டியில் வென்றார்; கட்சி 132 இடங்களைப் பெற்றது. 1985 பிப்ரவரியில் திரும்பிப் பதவியேற்றார். பேச்சு மட்டும் முன்போல் மீளவில்லை. மக்கள் குரலுக்கு வாக்களிக்கவில்லை, உருவத்துக்கே வாக்களித்தனர் என்பது என் துணிபு.

2016 செப்டம்பர் 22இல் ஜெயலலிதா அதே மருத்துவமனையில் சேர்ந்தார். 75 நாட்கள் மக்கள் படமும் காணவில்லை, குரலும் கேட்கவில்லை. அக்டோபர் 11இல் ஆளுநர், அரசியலமைப்பின் 166(3) பிரிவின்படி, அவருடைய துறைகளை ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைத்தார். இடைத்தேர்தல் வேட்பாளர் படிவங்களிலோ கையொப்பம் இல்லை. இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. (எழுத்தை நம்பி வாழும் நம் வட்டத்தார்க்கு அந்த மைக்கறை உறுத்தாதா?) 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ரேகையை ஏற்காமல், திருப்பரங்குன்றம் வெற்றி செல்லாது என்றது. வென்றவர் 2018இலேயே மறைந்திருந்தார்.