கடல் தானா ஆத்திக்கிடுமா?

1/
ஓபி-யில ஒரு அண்ணாச்சி, மீன் வியாபாரி. பிரஷர் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கேட்டார்: "ஏன் டாக்டர், கடல்ல எண்ணெய் கொட்டுனா அதைத் திங்கிற கிருமி இருக்காம்லா? அப்புறம் எதுக்கு இம்புட்டு கூப்பாடு?"

சங்கரன்கோவில்ல கடல் இல்ல. ஆனா மீன் நம்ம தட்டுக்கு வருதே. அதனால இந்த இழை.

2/
கிருமி இருக்குறது உண்மைதான். கடலடியில இயற்கையாவே எண்ணெய் கசியுற இடங்கள் உண்டு. அதையே உணவாக்கிக்கிட்ட பாக்டீரியாக்களும் உண்டு. அல்கானிவோரக்ஸ் அதுல ஒண்ணு. சாதாரண நாள்ல சொற்பமா இருக்கும். எண்ணெய் கொட்டுனா பல மடங்கு பெருகும்.

3/
1967 மார்ச் 18. இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே டோரி கேன்யன் கப்பல் பாறையில் மோதியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். பதறிப்போய் சுமார் 10,000 டன் சோப்பு ரசாயனத்தைக் கொட்டினார்கள். பாறையில் பாசி மேயும் நத்தைகளை எண்ணெயை விட அந்த ரசாயனம்தான் அதிகம் கொன்றது. ரசாயனம் படாத பாறைகள் 2-3 வருஷத்தில் தேறின. பட்டவை தேற 10 வருஷத்துக்கும் மேல் ஆனது.

வைத்தியமே வியாதியான கதை.

4/
அடுத்து நம்ம ஆள். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ளதுக்கு காப்புரிமை உண்டா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் 5-க்கு 4 என்று ஜெயித்தார். சட்ட வரலாறே மாறியது. ஆனா கடலைச் சுத்தம் பண்ண அந்த பாக்டீரியா இறங்கவே இல்லை.

5/
1989, அலாஸ்கா. எக்ஸான் வால்டெஸ் விபத்து. இந்தத் தடவை புதுக் கிருமி விடலை. கரையில் உரம் போட்டாங்க! ஏன்? எண்ணெயில் கார்பன் மட்டும் ஏராளம். கிருமி பெருக நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆக்ஸிஜன் வேணும். உரம் போட்ட இடங்களில் எண்ணெய் சிதையும் வேகம் கூடியது. ஆனா கல்லுக்கும் மணலுக்கும் அடியில், ஆக்ஸிஜன் எட்டாத இடத்தில், பல வருஷம் கழிச்சும் எண்ணெய் அப்படியே இருந்தது.

6/
இப்போ நம்ம எண்ணூர். 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கெட்டியான கப்பல் எரிபொருள் கரை ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள், பலர் முறையான பாதுகாப்பு உடை இல்லாமலே. தார் மாதிரி இருக்கும் இந்த வகை எண்ணெயில் கிருமியாலும் சீக்கிரம் உடைக்க முடியாத பகுதி அதிகம். தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாததும் அதில் உண்டு.

7/
2023 டிசம்பர், மிக்ஜாம் வெள்ளம். மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து, இந்தத் தடவை எண்ணூர் கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. அலை அடிக்கும் திறந்த கடல் இல்லை அது. அலையாத்தி மரம், சேறு. ரெண்டு விரல்கடை தோண்டுனாலே ஆக்ஸிஜன் இல்லாத கறுப்புச் சேறு. இறாலும் நண்டும் வளர்றது அங்கேதான்.

8/
சர்ஜரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம்: புண்ணை ஆத்துறது உடம்பு. டாக்டர் வேலை, அழுகினதை எடுத்து, ரத்த ஓட்டம் கிடைக்க வழி பண்றது. அதே இடத்துல திரும்பத் திரும்ப வெட்டிக்கிட்டே இருந்தா எந்த உடம்பும் ஆத்தாது.

9/
அண்ணாச்சிகிட்ட சொன்னது இதுதான்: "கிருமி திங்கும். ஆனா மெதுவா, மூச்சு விட முடியுற இடத்துல, திங்க முடியுறதை மட்டும். கொட்டாம பாத்துக்கிடுறது நம்ம வேலை."

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ எங்க ஆளுக கத்துறது நியாயந்தான்" என்றார்.

ஆமா. நியாயந்தான்.