பித்தநீர் முதல் வட்டப் பலகணி வரை

1948 செப்டம்பர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒரு புதுப் பொருளை ஊசியில் ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அந்தப் பொருள் கார்டிசோன். மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தவர் எட்வர்ட் கெண்டல். சுரப்பியில் கிடைத்ததோ மிகக் கொஞ்சம். அதனால் மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தநீரிலிருந்து அதைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1950இல் ஹென்ச், கெண்டல், இதே சுரப்பியை ஆராய்ந்த வேதியியலாளர் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சாரெட்டுக்கு இல்லை.

மூட்டுக்கு வந்த மருந்து காதுக்கு வந்தது வேறொரு புதிரைத் தேடி. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு ஒரு காது அடைத்துக் கிடக்கும். உள்ளே 'ங்ஙொய்' என்று இரைச்சல். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபெல்லாவது கேட்கும் திறன் குறைந்தால், அது திடீர்ச் செவித்திறன் இழப்பு. வைரஸா, ரத்த ஓட்டத் தடையா, உடலின் எதிர்ப்பு சக்தியே திரும்பித் தாக்குகிறதா? பெரும்பாலானவர்களிடம் காரணம் பிடிபடுவதில்லை. எதுவானாலும் வீக்கத்தைத் தணித்துப் பார்ப்போம் என்றுதான் கார்டிசோன் வகை ஸ்டீராய்டு கொடுத்தார்கள். 1980இல் வெளியான வில்சன் குழுவின் ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம்.

அந்த 32தான் பின்னால் வந்த எல்லா மருந்துக்கும் தலைவலி. மருந்தே இல்லாமலும் கணிசமானவர்கள் தேறிவிடும் நோயில், மருந்து செய்த வேலை எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

மாத்திரைக்கு வேறு சிக்கலும் உண்டு. ரத்தத்துக்கும் உட்செவிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. விழுங்கியதில் சொற்பமே உள்ளே போகும். உடம்பின் மற்ற பாகமெல்லாம் அதற்கு விலை கொடுக்கும்: சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். 1990களில் ஊசி நேராகச் செவிப்பறைக்கு வந்தது. பறையை மரத்துப்போகச் செய்து, அரை மில்லிலிட்டர் அளவு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டை நடுச்செவிக்குள் செலுத்துகிறார்கள். காதை மேலே வைத்து அரைமணி நேரம் படுத்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் யூஸ்டேசியன் குழாய் திறந்து, மருந்து தொண்டைக்கு ஓடிவிடும். தங்கியது மட்டும் உட்செவியின் வாசலான வட்டப் பலகணியின் மெல்லிய சவ்வைக் கசிந்து கடந்து, ஒலியை உணரும் செல்கள் இருக்கும் நத்தைச் சுருளின் நீருக்குள் இறங்கும். விரித்தால் 35 மில்லிமீட்டர் நீளம்தான் அந்தச் சுருள். ஆனால் அங்கே மருந்தைத் தள்ளிக்கொண்டு போக ஓட்டம் எதுவும் இல்லை. தானாகப் பரவ வேண்டியதுதான். வாசலில் அடர்த்தியாக இருப்பது உச்சிக்குப் போவதற்குள் வெகுவாக நீர்த்துவிடும். கீச்சுக் குரலைக் கேட்கும் செல்கள் வாசலில், கனத்த ஒலியைக் கேட்பவை உச்சியில்.

இத்தனை பாடுபட்டு உள்ளே போன ஊசி மாத்திரையை வென்றதா? 2011இல் ஸ்டீவன் ராவ்ச் குழு 250 பேரிடம் ஒப்பிட்டது. மாத்திரைக்காரர்களுக்கு 30.7 டெசிபெல் முன்னேற்றம், ஊசிக்காரர்களுக்கு 28.7. ஏறக்குறைய சமம். சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சமமே பெரிய வரம் என்பேன்.

அதே வாசலில் வேறு பலரும் காத்திருந்தார்கள். செவிச்செல்லின் தற்கொலைச் சமிக்ஞையைத் தடுக்கும் ஏஎம்-111 என்ற ஜெல், 2017இல் மூன்றாம் கட்டச் சோதனையில் முதன்மை இலக்கைத் தவறவிட்டது. கியோட்டோவில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியை ஜெலட்டினில் ஏற்றி வட்டப் பலகணியில் வைத்துப் பார்த்தார்கள். தேறியவர்கள் சற்று அதிகம், ஆனால் ஸ்டீராய்டு ஊசியைவிட மேல் என்று நிரூபிக்கும் அளவுக்கு இல்லை. அழுத்த அறையில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் முறை, ஸ்டீராய்டுக்குத் துணையாக மட்டும் இடம்பிடித்திருக்கிறது. பழைய மருந்தையே அள்ளிக் கொடுத்தால்? ஜெர்மனியில் அதையும் பார்த்தார்கள். அதிக அளவு எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல்படி ஸ்டீராய்டை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கலாம். தேறாதவர்களுக்கு 2 முதல் 6 வாரத்துக்குள் செவிப்பறை ஊசி. இந்தக் கெடுவைத் தின்பது பெரும்பாலும் 'சளிதான், அழுக்குதான்' என்ற நினைப்பும் சொட்டு மருந்தும். இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும்: அழுக்கு அடைத்திருந்தால் அடைத்த காதில் ஒலி கூடுதலாகக் கேட்கும், உட்செவி பழுதென்றால் நல்ல காதில். பிறகு ஆடியோகிராம் எடுத்து உறுதிசெய்யலாம்.