அகலம் தந்த கோடு

லாட்டிடியூட் என்ற ஆங்கிலச் சொல் வரைபடத்தில் ஓர் ஊரை நிலநடுக்கோட்டிலிருந்து இத்தனை பாகை என்று கட்டி நிறுத்துகிறது. பேச்சிலோ கட்டை அவிழ்த்து, அவரவர் போக்குக்கு விடச் சொல்கிறது.

வேர் ஒன்றுதான்: லத்தீனில் 'லாட்டுஸ்' என்றால் அகன்றது, 'லாட்டிட்டூடோ', அகலம். உருண்டைக்கு ஏது நீளமும் அகலமும்? பழைய கிரேக்கர் அறிந்த நிலப்பரப்புக்கு இருந்தது. கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் கணக்கில், மக்கள் வாழும் உலகம் கிழக்கு மேற்காக 180 பாகை. வடக்கு தெற்காகச் சுமார் 80 பாகைதான். பெரியது நீளம், சிறியது அகலம் என்று அவரே காரணமும் எழுதினார். உலகம் விரிந்த பின்னும் பெயர் நின்றுவிட்டது. 1391இல் கவிஞர் சாசர் தம் பத்து வயது மகனுக்காக அஸ்ட்ரோலேப் என்ற வானளவுக் கருவியை ஆங்கிலத்தில் விளக்கியபோது, ஆக்ஸ்ஃபோர்டின் லாட்டிடியூடையே அடிப்படையாகக் கொண்டார்.

பேச்சுப் பொருள் இந்தக் கோட்டிலிருந்து கிளைத்ததன்று. அகலத்திலிருந்தே நேராக வந்தது. கைகால் நீட்ட இடமுள்ள அகலம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு உயிரே பணயமானது. மதப்பூசலும் உள்நாட்டுப் போரும் நாட்டைக் குதறிய பிறகு, கேம்பிரிட்ஜ் சார்ந்த பாதிரியார் சிலர், அடிப்படை நம்பிக்கையில் ஒன்றுபட்டால் போதும், சடங்கிலும் சபை ஆட்சியிலும் வேறுபாடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். எதிர்த்தவர்கள் அவர்களைக் கொள்கைப் பிடிப்பில்லாதவர்கள் என்று பழித்து 'லாட்டிடியூட் ஆட்கள்' எனப் பெயரிட்டார்கள். 1662இல் அவர்களுக்காக வாதாடிய சிறுநூல் ஒன்று அந்தப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. அவர்களுள் ஒருவராக எண்ணப்படும் ஜான் டில்லட்சன் 1691இல் கான்டர்பரி பேராயரானார். ரத்தம் காயாத நாட்டில் விட்டுக்கொடுக்கச் சொன்னவர்கள் கோழைகளல்லர். கத்தியவர்களைவிட நெஞ்சுரம் மிக்கவர்கள்.

நம் அட்சக்கோட்டின் பிறப்பு வேறு. அட்சம் என்பது அச்சு. வானத்தின் அச்சு அடிவானத்திலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அதுவே ஊரின் அட்சம். சென்னையில் துருவ நட்சத்திரம் ஏறத்தாழ 13 பாகை உயரத்தில்தான் தெரியும். எழுத்தாளர் அசோகமித்திரன் செகந்திராபாத்தில் நடக்கும் தம் நாவலுக்கு 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்று பெயரிட்டபோது கையாண்டது இந்தச் சொல்லை. இலங்கைத் தமிழர் அகலக்கோடு என்கிறார்கள். அதில் தாலமியின் உலகம் இருக்கிறது. ஆனால் இரண்டும் பேச்சுப் பொருளுக்கு வருவதில்லை. அதற்கு நம்மிடம் 'இடம் கொடுப்பது' இருக்கிறது.