இங்க அசெம்பிள் பண்ண சொகுசு கார் மட்டமா?

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரின் சொந்தக்காரர் சொகுசு எஸ்யூவி வாங்கப் போகிறாராம்.

"இங்க அசெம்பிள் பண்ணதா, முழுசா இறக்குமதி ஆனதா, எது நல்லது தம்பி?" என்று கேட்டார்.

எனக்கும் அந்த வண்டிகளுக்கும் உள்ள தொடர்பு, சிக்னலில் பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும்தான். ஆனாலும் இதற்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை இருக்கு. வாங்க பார்ப்போம்.

முதலில் நமக்குத் தெரிந்த மாத்திரை.

பல ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அமுக்கி அட்டையில் அடைப்பது இங்கேதான். உள்ளே இருக்கும் மூலமருந்து சீனாவிலிருந்து வந்திருக்கும். அதனால் மாத்திரை மட்டமாகிவிடாது. ஆனால் மூலமருந்து வரவில்லை என்றால் நம்ம ஆலை நின்னுடும். காரும் இப்படித்தான்.

1926இல் ஃபோர்டு மெட்ராஸிலும், 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும் கால் பதித்தன. பாகங்கள் கப்பலில் வரும். இங்கே பூட்டி விற்பார்கள்.

1953இல் சுங்கவரி ஆணையம் சொன்னது: வெறுமனே பூட்டுவது போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும்.

இரண்டு கம்பெனிகளும் கிளம்பிவிட்டன. அம்பாசடர் போன்ற சில வண்டிகள் தங்கின. உள்ளூர் தயாரிப்பு வளர்ந்தது, போட்டி இல்லாமல் போனது. பல பத்தாண்டுகள் அதே வண்டியைத்தான் ஓட்டினோம்.

1991க்குப் பிறகு கதவு திறந்தது. 1995இல் பூனாவில் மெர்சிடிஸ். 2007இல் நம்ம செங்கல்பட்டு பக்கத்தில் பிஎம்டபிள்யூ. மறுபடியும் பெட்டி பெட்டியாகப் பாகங்கள்!

2011 பட்ஜெட்டில் அரசு ஒரு கோடு போட்டது. இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்பே பூட்டி வந்தால் கூடுதல் வரி. 2013இல் முழுசா வரும் சொகுசு கார்களுக்கு வரி 75இலிருந்து 100 சதவீதமானது.

பலன்? 2015இல் பிஎம்டபிள்யூ இன்ஜின்களைப் பூட்ட ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னையில் ஆலை திறந்தது. வேலை ஒரு படி உள்ளே வந்தது.

2024இல் ரேஞ்ச் ரோவரும் பூனாவில் அசெம்பிள் ஆகத் தொடங்கியது. விலை 18 முதல் 22 சதவீதம் வரை குறையும் என்றார்கள். குறைந்தது வரி, தரம் இல்லை. அதே கம்பெனி, அதே டிசைன்.

அதனால் அண்ணனிடம் சொன்னேன்: "இங்க பூட்டினதையே தைரியமா வாங்கச் சொல்லுங்கண்ணே. வெளிநாட்டு முத்திரைக்குக் கொடுக்கிற அதிகப் பணத்துல பெரும்பகுதி வரிதான்."

ஆனால் நாம் கவலைப்பட வேண்டியது வேறு. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கப் போகிறது.

வரி என்ற சுவர் இறங்கினால், ஸ்பேனர் பிடித்துப் பூட்டும் வேலை மட்டும் இங்கே நிற்குமா? இன்ஜின், கியர்பாக்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் வரை இங்கே வேர் பிடித்தால்தான் நிற்கும்.

ஆகவே ஷோரூமில் "இது இந்தியாவுல செஞ்சதா?" என்று கேட்காதீர்கள். "இதுல எவ்வளவு இந்தியாவுல செஞ்சது?" என்று கேளுங்கள்.