லினக்ஸ் மென்பொருள் மூலங்கள்: ஒரு பட்டியலின் வரலாறு

மென்பொருள் மூலப் பட்டியல் என்பது ஒரு லினக்ஸ் கணினி தனக்கு வேண்டிய மென்பொருள்களையும் அவற்றின் புதுப்பிப்புகளையும் எங்கிருந்து பெற வேண்டும் என்பதைக் குறித்து வைத்திருக்கும் கோப்பு. டெபியன், உபுண்டு, மிண்ட் போன்ற வழங்கல்களில் இது 'சோர்சஸ்.லிஸ்ட்' என்ற பெயரில் அறியப்படுகிறது. திறந்து பார்த்தால் சில வரிகள்தான் இருக்கும். ஆனால் அந்த ஒவ்வொரு வரியும், நம் கணினியில் நிர்வாகி உரிமையோடு எதையும் நிறுவ யாரை அனுமதித்திருக்கிறோம் என்று சொல்லும் வரி. மென்பொருளைத் தொலைவிலிருந்து வரவழைப்பது எப்படி என்ற கேள்விக்கு டெபியன் 1999-லேயே விடை தந்துவிட்டது. வந்தது உரியவரிடமிருந்துதான் வந்ததா என்ற கேள்விக்கு அதன் நிலையான வெளியீட்டில் விடை கிடைத்தது 2007-ல். இக்கட்டுரை பெரும்பாலும் டெபியன் மரபையே பின்தொடர்கிறது. மேசைக்கணினியில் லினக்ஸைத் தொடங்கும் மாணவர் பலர் முதலில் சந்திப்பது அந்த மரபைத்தான்.

பட்டியலுக்கு முந்தைய காலம்

1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர், நெகிழ்வட்டுகளில் அடுக்கப்பட்ட தொகுதிகளாக வந்தது. ஒரு மென்பொருள் இயங்க வேறெந்த நிரலகம் தேவை என்பதைப் பயனரே அறிந்து, தேடி, நிறுவ வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். டெபியனின் 'டிபிகேஜி' என்ற பொதி நிறுவிக்கு இயன் ஜாக்சன் பின்னர் முழு வடிவம் கொடுத்தார். ஒரு பொதிக்குத் தேவையான மற்றப் பொதிகள் இல்லையென்றால் இந்த நிறுவி அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், தானாகச் சென்று எடுத்து வராது. 1995-ல் ரெட்ஹாட் கொண்டுவந்த ஆர்பிஎம்மும் அப்படித்தான். ஓர் இசைப் பயன்பாட்டை நிறுவப் போனால் அது ஒரு நிரலகம் கேட்கும், அந்த நிரலகம் இன்னொன்றைக் கேட்கும், அது ஏற்கெனவே கணினியில் உள்ள வேறொன்றின் பழைய பதிப்போடு மோதும். அக்காலப் பயனர்கள் இதைச் 'சார்பு நரகம்' என்று அழைத்தது மிகையல்ல.

மூலப் பட்டியலின் வரிகளில் இன்றும் காணப்படும் ஒரு வழக்கம் இக்காலத்தில் பிறந்தது. 1995 டிசம்பரில் ஒரு குறுந்தகடு நிறுவனம், உருவாக்கத்தில் இருந்த முடிவடையாத டெபியனை எடுத்து '1.0' என்ற பெயரிட்டு விற்றுவிட்டது. களஞ்சியத்தில் அந்த அடைவுக்கு 1.0 என்ற எண் இருந்ததே காரணம். குழப்பம் வேண்டாம் என்று டெபியன் அந்த எண்ணையே விட்டுவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டது. இதனால்தான் டெபியன் 1.0 என்று ஒன்று கிடையாது. அதன்பின் அடைவுகளுக்கு எண்ணுக்குப் பதிலாகக் குறிப்பெயர்கள் வந்தன. அப்போது திட்டத் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்சார் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். ஆகவே பெயர்கள் 'டாய் ஸ்டோரி' படத்திலிருந்து எடுக்கப்பட்டன: பஸ், ரெக்ஸ், போ, ஹாம், ஸ்லிங்க்.

ஏபிடி

1999 மார்ச் 9 அன்று வெளியான டெபியன் 2.1, அதாவது ஸ்லிங்க், ஏபிடி என்ற கருவியுடன் வந்த முதல் நிலையான வெளியீடு. பட்டியலின் ஒரு வரியில் நான்கு செய்திகள் இருந்தன: பொதியின் வகை, களஞ்சியத்தின் முகவரி, வெளியீட்டின் பெயர், அதற்குள் உள்ள பிரிவுகள். இவற்றைக் கொண்டு ஏபிடி தானே களஞ்சியத்துக்குச் சென்று, அங்கு என்னென்ன உள்ளன என்ற அட்டவணையை இறக்கி, ஒரு பொதிக்குத் தேவையான அனைத்தையும் கணக்கிட்டு வரிசையாக நிறுவியது.

கற்போர் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று இங்கே உள்ளது. 'அப்டேட்' என்ற கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றுவதில்லை, அட்டவணையை மட்டுமே புதுப்பிக்கிறது. மென்பொருளைப் புதிய பதிப்புக்குக் கொண்டுசெல்வது 'அப்கிரேட்'. கடையின் விலைப்பட்டியலை வாங்கி வருவதும் சரக்கை வாங்கி வருவதும் வேறுவேறு வேலைகள் அல்லவா?

வெளியீட்டின் பெயர் வரும் இடத்தில் குறிப்பெயருக்குப் பதிலாக 'ஸ்டேபிள்' என்ற பொதுச்சொல்லையும் எழுதலாம். அப்படி எழுதியவரின் கணினிக்கு, அடுத்த டெபியன் வெளியான நாளிலிருந்து அந்தச் சொல்லின் பொருள் மாறிவிடும். வழக்கமான புதுப்பிப்பு என்று நினைத்துத் தொடங்கியது முழு இயங்குதள மாற்றமாக முடியலாம். குறிப்பெயரை எழுதுவதே பாதுகாப்பானது. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் டெபியன் 11 வந்தபோது பாதுகாப்புப் புதுப்பிப்புக்கான வரியின் அமைப்பே மாற்றப்பட்டது. பழைய குறிப்பெயரை அழித்துப் புதியதை எழுதினால் போதும் என்று இருந்தவர்களுக்கு அந்த ஒரு வரி மட்டும் பிழை காட்டியது. அந்த ஒரு வரிதான் மிக முக்கியமான வரி.

பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனம் ஏபிடியை ஆர்பிஎம் பொதிகளுக்கும் பொருந்தச் செய்தது. கட்டளை தெரியாதவர்களும் பொதிகளைத் தேடி நிறுவ உதவும் சினாப்டிக் என்ற வரைகலைக் கருவி பிறந்ததும் அங்கேதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சேத் விடால் உருவாக்கிய 'யம்', ரெட்ஹாட் மரபில் இதே பணியைச் செய்தது. 2015-ல் ஃபெடோரா 22 அதன் இடத்தில் டிஎன்எஃப்பை வைத்தது.

கையொப்பம்

ஒரே வழங்கியிலிருந்து உலகம் முழுவதும் இறக்கினால் அது தாங்காது. ஆகவே களஞ்சியத்தின் நகல்களைப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் வழங்கிகளில் வைத்திருக்கின்றன. இவை கண்ணாடித் தளங்கள் எனப்படும். அருகில் உள்ள தளத்தைத் தேர்ந்தால் பதிவிறக்கம் விரைவாகும். ஆனால் அந்தத் தளத்தை நடத்துபவர் ஒரு பொதியை மாற்றி வைத்தால்? 1999-ன் ஏபிடிக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

2003 நவம்பரில் இக்கேள்வி கண்முன் வந்து நின்றது. திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லையும் லினக்ஸ் கருநிரலின் ஒரு குறையையும் பயன்படுத்தி, டெபியன் திட்டத்தின் நான்கு வழங்கிகளுக்குள் ஊடுருவினர். பொதிக் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை. அது நல்லூழ்தான் என்று சொல்ல வேண்டும். ஏனெனில் பாதிக்கப்பட்டிருந்தால், வீட்டில் உட்கார்ந்து புதுப்பிப்பை இயக்கிய பயனரின் ஏபிடி ஒரு எச்சரிக்கையும் தந்திருக்காது.

ஏபிடி 0.6 இதற்கு ஒரு சங்கிலியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கைரேகை எண் கணக்கிடப்பட்டு அட்டவணையில் எழுதப்படும். அட்டவணையின் கைரேகை எண் 'ரிலீஸ்' என்ற கோப்பில் எழுதப்படும். அந்த ஒரு கோப்பில் மட்டும் டெபியனின் மறைத்திறவுகோலால் கையொப்பம் இடப்படும். பயனரின் கணினியில் இருக்கும் பொதுத்திறவுகோல் அதைச் சரிபார்க்கும். ஒரு பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 இதை நிலையான வெளியீட்டுக்குக் கொண்டுவந்தது.

சங்கிலியில் இன்னும் ஓட்டை இருந்தது. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் கண்ணாடித் தளம் அமைத்து, உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ், ஓப்பன்சூசே ஆகிய ஐந்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இடம்பெற்றுக் காட்டினர். கையொப்பத்தைப் போலி செய்யத் தேவையே இல்லை என்பது அவர்களது வாதம். ஆறு மாதத்துக்கு முந்தைய, முறையாகக் கையொப்பமிட்ட அட்டவணையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும். கணினி 'புதுப்பிப்பு ஏதும் இல்லை' என்று நிம்மதியாகச் சொல்லும், பழைய ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தில் ரிலீஸ் கோப்புக்கு இன்று காலாவதி நாள் குறிக்கப்படுவது இவ்வகைத் தாக்குதலுக்கு எதிராகத்தான். கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் புதுப்பிப்பு மறுக்கப்படுவதற்கும் இந்த நாள் சரிபார்ப்பு ஒரு காரணம்.

வெளியார் வரிகள்

2004 அக்டோபரில் வந்த உபுண்டு, மூலப் பட்டியலைத் தேர்வுப்பெட்டிகள் கொண்ட ஒரு சாளரமாக மாற்றியது. மெயின், ரெஸ்ட்ரிக்டட், யுனிவர்ஸ், மல்டிவர்ஸ் என்ற நான்கு பிரிவுகள் உரிமத்தையும், யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் குறிப்பன. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதே பட்டியல் முறையைத்தான் பயன்படுத்துகிறது.

எம்பி3, டிவிடி போன்றவற்றை இயக்கும் நிரல்கள் சில நாடுகளின் காப்புரிமைச் சட்டங்களால் அதிகாரப்பூர்வக் களஞ்சியங்களில் இடம்பெற முடியாமல் இருந்தன. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும் என்ற பழக்கம் இப்படி வந்தது. அவற்றுள் புகழ்பெற்றது டெபியன்-மல்டிமீடியா. பெயரில் டெபியன் இருந்தாலும் அது திட்டத்தின் பகுதி அல்ல. பெயர்க்குழப்பம் காரணமாக அது வேறு முகவரிக்கு மாறியது, பழைய முகவரி காலாவதியானது. 2013 ஜூனில் டெபியன் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: அந்தப் பழைய முகவரியை அறியப்படாத யாரோ பதிவு செய்திருக்கிறார்கள், பட்டியலிலிருந்து அவ்வரியை உடனே நீக்குங்கள். எங்கோ ஒரு கட்டுரையைப் பார்த்து என்றோ ஒட்டிய வரி, முகவரியின் உரிமையாளர் மாறிய பிறகும் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அங்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. திறவுகோல் பொருந்தாததால் ஏபிடி எச்சரிக்கும் என்பது உண்மை. ஆனால் எச்சரிக்கைக்கு 'ஆம்' என்று அழுத்திப் பழகிய விரல்களை எந்தக் கணிதமும் தடுக்காது.

2007-ல் உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளம், யார் வேண்டுமானாலும் சொந்தக் களஞ்சியம் வைத்துக்கொள்ளும் பிபிஏ வசதியைத் தந்தது. 2009-ன் இறுதியில் ஒரே கட்டளையில் அதைச் சேர்க்க வழி வந்தது. புதிய பதிப்புகளை விரும்புவோருக்கு இது வரம். ஆனால் பலர் அறியாத ஒரு விதி உண்டு: ஏபிடிக்கு இயல்பாக எல்லாக் களஞ்சியங்களும் சமம், எதில் பதிப்பு எண் உயர்ந்ததோ அது வெல்லும். ஒரு படத்தொகுப்பு மென்பொருளுக்காகச் சேர்த்த களஞ்சியம், விரும்பினால் கணினியின் அடிப்படை நிரலகத்தையே மாற்றிவிடலாம். இதைக் கட்டுப்படுத்த 'பின்னிங்' என்ற முன்னுரிமை முறை இருக்கிறது. மேசைக்கணினிப் பயனர்களில் அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்றே நினைக்கிறேன்.

பட்டியலில் எழுதும் உரிமை நமக்கு மட்டும் என்றும் கொள்ள முடியாது. கூகுள் குரோமின் பொதியை நிறுவினால் அது தன் களஞ்சிய முகவரியைத் தானே சேர்த்துக்கொள்ளும். 2021 பிப்ரவரியில் ராஸ்பெரி பை இயங்குதளத்தின் வழக்கமான புதுப்பிப்பு ஒன்று, விஎஸ் கோட் கிடைக்க வசதியாக மைக்ரோசாஃப்டின் களஞ்சியத்தையும் திறவுகோலையும் பயனரைக் கேட்காமலே சேர்த்தது. அந்தத் திருத்தியையே பயன்படுத்தாதவர்களின் கணினிகளும் மைக்ரோசாஃப்ட் வழங்கியோடு பேசத் தொடங்கின. பயனர்களின் கோபம் நியாயமானதே.

அண்மைக்காலம்

கையொப்பம் இருப்பதால் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி போதும் என்று ஏபிடி தரப்பில் நெடுங்காலம் வாதிடப்பட்டது. 2019 ஜனவரியில் மேக்ஸ் ஜஸ்டிக்ஸ் கண்டறிந்த குறை அவ்வாதத்தை ஆட்டியது. இடையில் இருப்பவர் ஒரு திசைமாற்றச் செய்தியைத் திரித்து, போலிப் பொதியைச் சரிபார்க்கப்பட்டது போல ஏற்கச் செய்ய முடிந்தது. குறையுள்ள ஏபிடியைச் சரிசெய்ய அதே ஏபிடியைத்தான் இயக்க வேண்டும். அதனால் அந்த ஒரு முறை மட்டும் திசைமாற்றத்தை அணைத்துவிட்டுப் புதுப்பிக்கும்படி டெபியன் அறிவுறுத்தியது.

2024 மார்ச் மாதம் சங்கிலியின் மறுமுனை சோதிக்கப்பட்டது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலகத்தில், பல மாதங்கள் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்கதவு ஒன்றை நுழைத்திருந்தார். 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் முன்னோட்ட வெளியீடுகளுக்கும் முறையான கையொப்பத்துடனே வந்து சேர்ந்தன. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலர், தொலை உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்ததால் அது மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. நிலையான டெபியனை வைத்திருந்தவர்களுக்கு அது சென்று சேரவில்லை. பதிப்புகள் பழையவை என்று கேலி செய்யப்படும் அந்த வெளியீட்டின் தாமதமே அவர்களைக் காத்தது.

பட்டியலின் வடிவமும் மாறிவருகிறது. முன்பு சேர்க்கப்பட்ட திறவுகோல்கள் எல்லாம் ஒரே வளையத்தில் மாட்டப்பட்டன. ஒரு பிபிஏவின் திறவுகோல் டெபியனின் முதன்மைக் களஞ்சியத்துக்கும் செல்லுபடியாகும் நிலை அது. இப்போது ஒவ்வொரு மூலத்துக்கும் 'சைன்டு-பை' என்ற வரியில் அதற்குரிய திறவுகோல் தனியாகக் குறிக்கப்படுகிறது. பல வரிகளாகப் பிரித்தெழுதும் இப்புதிய வடிவத்தை உபுண்டு 24.04 ஏற்றது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய பட்டியலைப் புதிய வடிவுக்கு மாற்றித் தரும் கட்டளையுடன் வந்தது. ஒரு களஞ்சியத்தின் திறவுகோலால் இன்னொன்றைப் போலி செய்வதை இது தடுக்கிறது. சேர்த்த களஞ்சியத்திலிருந்து வரும் பொதி, நிறுவப்படும்போது நிர்வாகி உரிமையுடன் இயங்குவது மட்டும் 1999-ல் இருந்தபடியே இருக்கிறது.