ரத்தம் சிந்தாத இடுக்கி: பர்டிசோவின் கதை

நம்ம ஊர் கால்நடை மருந்தகங்களில் நீளக் கைப்பிடி வைத்த இரும்பு இடுக்கி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கிடாவுக்கும் காளைக்கும் காயடிக்கும் கருவி. பர்டிசோ என்பார்கள். ரொம்ப நாள் அது கருவியின் பெயர் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு ஆளின் பெயர். நெப்போலியோனே பர்டிசோ, இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் லா மோரா என்ற ஊரைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்த கருவி இன்று ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் இருக்கிறது.

ஐந்தாறு ஆடு வைத்திருப்பவருக்கு இது ஏன் முக்கியம்? வெள்ளாட்டுக் கிடாக்குட்டி மூன்று, நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் வயதுக்கு வந்துவிடலாம். தனிப் பட்டி போட வசதி இல்லாத இடத்தில் அது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் சேர்ந்துவிடும். இனம் தேயும். காயடித்தால் அந்தக் கவலை இல்லை, கிடா வாடையும் இருக்காது.

பழைய வழிகள் இரண்டு. ஒன்று, கல்லும் கட்டையும் வைத்து நசுக்குவது. இன்னொன்று, கத்தியால் அறுத்து எடுப்பது. வெயில் நாடுகளில் அறுத்த புண்ணில் ஈ மொய்க்கும், புழு வைக்கும், வில்வாத ஜன்னி வரும். ஐந்தில் ஒன்று செத்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய நஷ்டம்.

பர்டிசோ கவனித்த விஷயம் எளிமையானது. தோல் நெகிழ்ந்து கொடுக்கும், உள்ளே இருக்கும் விந்து நாண் நசுங்கிவிடும். கூர் இல்லாத இரண்டு தாடைகள், அழுத்தத்தைப் பல மடங்காக்கும் நெம்புகோல், அவ்வளவுதான். தோல் கிழியாமல் நாணும் ரத்தக் குழாயும் நசுங்கும். சில வாரங்களில் விதை சுருங்கிவிடும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக, ஒரே கோட்டில் வராமல் நசுக்க வேண்டும். கோடு சேர்ந்தால் விதைப்பைத் தோலுக்கும் ரத்தம் போகாமல் அழுகும். எந்தப் புண்ணைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே வந்து நிற்கும்.

பால் கறக்கும் இயந்திரத்தை ஏற்றுமதி செய்தால் கரண்ட் வேண்டும், ரப்பர் குழல்களை அவ்வப்போது மாற்ற வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். இதற்கு அது எதுவும் வேண்டாம். கடல் தாண்டிப் போன இடமெல்லாம் இது நிலைத்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். நாண் வழுக்கி விலகினால் வெளியே எதுவும் தெரியாது. மென்பொருளில் பிழைச்செய்தி காட்டாமல் தோற்பது மாதிரி. சில மாதம் கழித்து ஆடு சினையானபிறகுதான் தெரியும். தாடை கோணினாலும் இதே கதி. காகிதம் வைத்து அழுத்திப் பார்த்தால் தடம் ஒரே சீராக விழவேண்டும். வேலை முடிந்ததும் தாடையைத் திறந்து வைக்க வேண்டும். ரத்தம் வராததால் வலி இல்லை என்றும் அர்த்தமில்லை. குட்டி துடிக்கத்தான் செய்யும். மரத்துப்போகும் ஊசி போட முடிந்தால் போடுவதுதான் நியாயம்.

கருவியைக் கப்பலில் அனுப்பிவிடலாம். நாண் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க, பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். நன்கொடையாகக் கருவி அனுப்புகிறவர்கள் அந்த ஆளின் பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.